இணைய ஓவியக் கண்காட்சிகளில் பின்னணி இசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியக் கண்காட்சிகளை இணையத்தில் நடத்துவோர் சிலர், பக்கம் திறந்ததும் தானாகவே ஒலிக்கும் பின்னணி இசையையும் சேர்த்துவிடுகிறார்கள். தொலைவிலுள்ள காட்சிக்கூடங்களுக்கு நேரில் போக வாய்ப்பில்லாத என் போன்றோருக்கு இக்கண்காட்சிகள் பெரிய வரம் என்பதாலேயே இதை எழுதுகிறேன். ஓவியத்தோடு இசையே சேரக் கூடாது என்பது என் கருத்தன்று. ஒரே புல்லாங்குழல் இசைத்துண்டை எல்லா ஓவியங்களுக்கும் பொதுவாக ஓடவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அண்மையில் நான் பார்த்த ஓர் இணையக் கண்காட்சி ராகமாலை ஓவியங்களைப் பற்றியது. ராஜஸ்தானத்திலும் தக்காணத்திலும் இமயமலை அடிவார அரசுகளிலும் தீட்டப்பட்ட இவ்வோவியங்கள் ஒவ்வொன்றும் ஒரு ராகத்தையோ, ராகத்தின் துணைவியாகக் கருதப்படும் ராகிணியையோ ஆளாகவும் காட்சியாகவும் நம் முன் நிறுத்துபவை. தோடி ராகிணி என்றால், வீணை ஏந்திய பெண் ஒருத்தி வெட்டவெளியில் நிற்க, அவள் வாசிப்பில் மயங்கிய மான்கள் அருகே வந்து நிற்கும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி மான்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும், அடுத்ததாக மழைமேகங்களின் கீழ் ஆடும் மேக ராகத்துக்கு நகர்ந்தபோதும் ஒலித்தது அதே துண்டுதான். அது முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு வேறு. இசையையே பொருளாகக் கொண்ட ஓவியத்துக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது.

தோடி ஓவியத்துக்குத் தோடியை வைத்துவிட்டால் போதும் என்று அவசரப்படவும் முடியாது. நம் கச்சேரிகளில் பாடப்படும் தோடியின் சுரங்கள் இந்துஸ்தானி முறையில் பைரவி தாட்டுக்கு (தாட் என்பது அம்முறையில் ராகங்களை வகைப்படுத்தும் அடிப்படைச் சுர வரிசை) உரியவை; அங்கே தோடி எனப்படுவது நம் சுபபந்துவராளி ராகத்துக்கு நெருக்கமானது. எனவே எதை ஒலிக்கச் செய்வது, ஏன் என்பதை இசை வரலாறு அறிந்த ஒருவரைக் கலந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

2015ஆம் ஆண்டில் லண்டன் நேஷனல் கேலரி, தன் சேகரிப்பிலிருந்து ஆறு ஓவியங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இசைக்கலைஞர்களையும் ஒலிக்கலைஞர்களையும் கொண்டு புதிதாக ஒலி அமைக்கச் செய்தது. ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைன் 1533இல் தீட்டிய ‘தூதர்கள்’ ஓவியத்தில், நிற்கும் இருவருக்கும் நடுவிலுள்ள அடுக்கில் தந்தி அறுந்த லூட் என்னும் ஐரோப்பிய நரம்பிசைக் கருவி ஒன்று இருக்கிறது. அந்த அறுந்த தந்தியிலிருந்துதான் ஒலிக்கலைஞர் சூசன் பிலிப்ஸ் தம் ஒலியமைப்பை உருவாக்கினார். அந்தக் கண்காட்சியையும் குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. ஆனால் ஓவியத்தை உற்றுப் பார்த்த பிறகே அங்கே ஒலி பிறந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது.

பார்வைக் குறைபாடு உடையவர்கள் ஓவிய விளக்கங்களை, திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் வழியாகக் கேட்கிறார்கள். தானாக எழும் இசை அந்தக் குரலை அமுக்கிவிடுகிறது. இசையை நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்கும் அவர்கள் அதே குரலைத்தான் நம்பியிருக்கிறார்கள். மூன்று விநாடிக்கு மேல் தானாக ஒலிக்கும் எதையும் நிறுத்தவோ, அதன் ஒலியளவைத் தனியே குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறைகளில் அடிப்படையான ஒன்று. குரோம் உலாவி 2018 முதல் இத்தகைய ஒலியைப் பெரும்பாலும் தடுத்தும் வருகிறது. அந்தத் தடையைத் தாண்டுவதற்காக ‘உள்ளே நுழைக’ என்ற பொத்தானிலேயே இசையை ஒளித்துவைப்பது முறையாகாது.

கண்காட்சி அமைப்பாளர்கள் ஒவ்வோர் ஓவியத்தின் அருகிலும் இசைக்கெனத் தனிப் பொத்தான் வைத்து, விரும்புவோர் மட்டும் கேட்குமாறு செய்ய வேண்டும். ஓவியரின் பெயர், ஆண்டு, அளவு ஆகியவற்றைத் தவறாமல் தருவோர், வாசித்தவர் யார், ராகம் எது, ஒலிப்பதிவு எப்போது செய்யப்பட்டது என்பவற்றையும் அதே இடத்தில் தர வேண்டும். பதிவின் உரிமையாளரிடம் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓவிய ஆர்வலர் ஒருவர்,
கும்பகோணம்.