அட்டை கடித்த கதை

பொகவந்தலாவை
ஓகஸ்ட் 30

அன்புள்ள சாந்தி,

திட்டாதே. பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். மழை, பரீட்சைத் தாள், அம்மாவின் முழங்கால் என்று சாக்குகள் நிறைய உண்டு. எதையும் நீ நம்பமாட்டாய், ஆகையால் விட்டுவிடுகிறேன். எல்லோரும் சுகம். சின்னவன் இன்னும் சோற்றைக் கண்டால் ஓடுகிறான். நம் பழைய ஆசிரியை பப்பாளி மிஸ் ஓய்வு பெற்றுவிட்டார். பிரியாவிடையில் என்னைக் கண்டதும் முதல் வார்த்தையே "அந்தப் பூ எங்கே?" என்பதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாத மழை உனக்குத் தெரியுமே. தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளைகள் கொழுந்து மலைக்குள் குறுக்கே இறங்கி வருவார்கள், அட்டைக்குப் பயந்து ஆளுக்கொரு உப்புப் பொட்டலம் வைத்திருப்பார்கள். அன்றைக்கு இரண்டாம் பாடம் நடக்கும்போது ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கழிப்பறைக்குப் போனவள் திரும்பவில்லை. தேடிப் போனேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். கையில் நனைந்த பத்திரிகைத் தாள், அதில் ஒட்டியிருந்த மிச்ச உப்பு. "டீச்சர், அட்டை உள்ளே ஏறிவிட்டது. உப்புப் போட்டேன், விழவில்லை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சாந்தி. ஒரு கணம்தான். பிறகு அவளுடைய வெள்ளைக் காலுறையைப் பார்த்தேன். உப்பு எவ்வளவு எரிந்திருக்கும் என்று நினைத்ததும் அழுகை வந்தது. என் சால்வையை அவள் இடுப்பில் கட்டிவிட்டேன்.

தாய் குவைத்தில். வளர்ப்பது பாட்டி. அடுத்த மாதமே சடங்கு நடந்தது. மண்டபம், மாமன் சீர், சந்தியில் அவள் படம் போட்ட பதாகை. பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று ஊருக்கே சொல்கிறோம், அந்தப் பிள்ளையிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை. யாரைக் குறை சொல்ல? சுகாதாரப் புத்தகத்தில் உடம்பு மாற்றம், பாலியல் பற்றிய பாடம் இருக்கிறது. "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பதினொரு வருடமாக அதைத் தாண்டி வந்தவள் நான்தான்.

இந்தத் தவணை தாண்டவில்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் கேள்வி போடுங்கள் என்றேன். முதல் நாள் மூன்று சீட்டு, இரண்டாம் வாரம் மூடியே மூடவில்லை. மீசை முளைக்காவிட்டால் நோயா என்று ஒருவன். பதினாறில் கூட்டிக்கொண்டு ஓடினால் பொலிஸ் பிடிக்குமா என்று இன்னொருவன் (யார் என்று எழுத்தே சொல்லிவிட்டது, அவன் அண்ணன் ஓடியவன்). பொதுச் சட்டப்படி திருமண வயது 1995இலிருந்து 18 என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரு பெருமூச்சு. அப்புறம், நான்காக மடித்த ஒரு சீட்டு: "பஸ்ஸில் ஒருவர் தினமும் பக்கத்தில் வந்து உரசுகிறார். அதற்குப் பெயர் என்ன?" பெயர்தான் கேட்டிருந்தாள். என்ன செய்வது என்றுகூடக் கேட்கவில்லை. பெயரைச் சொன்னேன். அது அவளுடைய தவறல்ல என்றும் சொன்னேன். கரும்பலகையில் 1929 என்று பெரிதாக எழுதி, சிறுவர்களுக்கான உதவி இலக்கம் என்று விளக்கி, நாள் முழுக்க அழிக்காமல் விட்டேன்.

அதற்குள் கோயில் கமிட்டி ஆட்கள் இருவர் வந்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் விவகாரமெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்றார்கள். அதிபருக்குப் பெட்டிஷன் பயம். சுவீடனில் 1955இலேயே பாலியல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் அவர்கள் பேச்சுக்கு நானே சாட்சி சொன்னதாகியிருக்கும்! ஆகவே யுனெஸ்கோவின் 2018 பாலியல் கல்வி வழிகாட்டியை எடுத்து, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்டினேன். உடம்பு உறுப்புகளின் பெயர், விரும்பாத தொடுகையைப் பற்றி நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வது. "இவ்வளவுதானா?" என்றார் ஒருவர். இப்படிக் கற்பித்த இடங்களில் பிள்ளைகள் சீக்கிரம் கெட்டுப்போனதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதையும் சொன்னேன். அதை அவர் நம்பவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

என்னை உண்மையில் உலுக்கியது அந்தப் பாட்டிதான். ஆறாம் ஆண்டில் பெண் பிள்ளைகளுக்குப் போடும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி, 2017இல் வந்ததே, அதைப் பேத்திக்குப் போட விடவில்லையாம். அறியாமை என்று நினைத்துத்தான் அவர்கள் குடியிருக்கும் காம்பராவுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து பாட்டி சொன்ன கதை வேறு. மூன்றாவது பிள்ளை பிறந்த சமயம் கங்காணி வந்து பேர் எழுதினாராம். தோட்டத்து லொறியில் பதினொரு பெண்கள். கையில் காசு கொடுத்தார்கள். இனிப் பிள்ளை தங்காது என்பதைத் திரும்பி வரும் வழியில் பக்கத்தில் இருந்தவள் சொல்லித்தான் தெரியுமாம். கடைசிப் பிள்ளை அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டது.

எண்பதுகளில் அந்தக் கருத்தடை ஆப்பரேஷனுக்கு அரசாங்கம் 500 ரூபாய் ஊக்கப்பணம் கொடுத்தது உனக்குத் தெரியாததல்ல. அன்றைய நாட்சம்பளத்தில் அது எத்தனை நாள் கொழுந்து என்று கணக்குப் பார். எத்தனை பிள்ளை, எப்போது என்பதை விவரம் அறிந்து, வற்புறுத்தலின்றி அவரவரே தீர்மானிக்கட்டும் என்று 1994இல் கெய்ரோவில் 179 நாடுகள் கூடி ஒப்புக்கொண்டதாக நீதானே எனக்கு எழுதினாய்? உன் கொழும்புக் கருத்தரங்குகளில் 'இனப்பெருக்கச் சுகாதார உரிமைகள்' என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்களே, அந்தத் தமிழைக் கேட்டு ஹட்டன் பட்டறையில் நான் தூங்கியது நிஜம். ஆனால் பாட்டியின் அடுப்படியில் அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குச் சுரீரென்று உறைத்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. மகளுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. பேத்தி கையில் உப்போடு நிற்கிறாள்.

வரும் 4ஆம் திகதி உலகப் பாலியல் சுகாதார தினத்துக்கு உங்கள் அலுவலகத்தில் வழக்கம்போல கேக் வெட்டுவீர்கள். வெட்டுங்கள், எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை. ஆனால் மலையகத்து ஆட்களுக்கு வாசித்தால் விளங்கும் தமிழில் நாலு பக்கம் எழுதி அனுப்பு. நீ எழுதினால் நான் திருத்துவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

தவறவிட்ட ஊசியைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டிருக்கிறேன், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். பாட்டியிடம் மறுபடியும் போய் அது எதற்கான ஊசி, எதற்கில்லை என்று முழுக்க விளக்கினேன். நீண்ட நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுக்கும் காசு கொடுப்பார்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்படியானால் போடலாம்" என்றார்.

அன்புடன்,
புவனா

பி.கு.: அந்தப் பூ உன் பெட்டியில்தான் இருக்கிறது என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன்.