அடுப்படியைக் குற்றம் சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்த புற்றுநோயைத் தடுக்கும் பன்னிரண்டு உணவுகள் பற்றிய கட்டுரையை என் அக்கா வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். பன்னிரண்டில் புரோக்கோலியையும் புளூபெரியையும் சல்மன் மீனையும் களுவாஞ்சிகுடிச் சந்தையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. அது கிடக்கட்டும். ஒட்டி முடித்துவிட்டு அக்கா கேட்ட கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "இதுகள நான் முந்தியே ஆக்கிக் குடுத்திருந்தா அவருக்கு வந்திருக்காதோ?"

அத்தானுக்கு வந்தது வாய்ப் புற்றுநோய். அது தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் பகல் சாப்பாட்டில், கீரி மீன் குழம்பில் ஒரு வாய் வைத்தவர் கோப்பையைத் தள்ளிவிட்டார். "என்ன புள்ள, மிளகாய அள்ளிக் கொட்டிற்றியா?" அக்கா அடுத்த நாள் தூளைக் குறைத்தார். அப்போதும் எரிந்தது. தூள் அரைக்கிற மில்லை மாற்றினார். பச்சை மிளகாயை நிறுத்தினார். கடைசியில் வெறும் சொதியும் எரிந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் அந்த வீட்டில் நடந்த சண்டையெல்லாம் உறைப்பைப் பற்றியதுதான். பிறகு அவருக்கு வாய் திறப்பது குறைந்தது. புட்டைக் குழைத்து உருண்டையாக வாயில் போடுகிற மனிதர் தேக்கரண்டிக்கு வந்தார். வெற்றிலை மட்டும் நிற்கவில்லை. முழுச் சுருளும் வாய்க்குள் போகாது என்றானபோது பாதியாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டார்.

பல் வைத்தியர் அவரிடம் மூன்று விரலைச் சேர்த்து முன் பற்களுக்கிடையே நிமிர்த்தி வைக்கச் சொன்னார். சாதாரணமாக வளர்ந்தவர் எவருக்கும் மூன்று விரல் போகும். அத்தானுக்கு ஒன்றரைதான் போனது. பாக்கிலுள்ள இரசாயனங்கள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார் இழையத்தைப் பெருகவைத்து இறுக்கிவிடுகின்றன. மென்மையாக இருக்க வேண்டிய கன்னம் வெளிறி, விறைத்த பட்டி போலாகிவிடுகிறது. உறைப்புத் தாங்காமல் எரிவதுதான் இதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. அக்காவின் கறியில் ஒரு குறையும் இருக்கவில்லை. இறுகிய கன்னம் பழையபடி இளகாது. சிலருக்கு அதுவே புற்றாகவும் மாறும். அத்தானுக்கு மாறிவிட்டது.

இப்போது சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து வீட்டில் இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் அவரிடம் சுகம் கேட்கிறார்கள். குசினிக்குள் வந்து அக்காவிடம் கேட்பது வேறு. "மறுகா என்னத்த ஆக்கிக் குடுத்தாய் நீ?" அஜினமோட்டோ போட்டாயா, பொரித்த எண்ணெயில் திரும்பப் பொரித்தாயா, கருவாடு கூடக் கொடுத்தாயா என்று விசாரணை போகும். கேட்டவர்களில் பாதிப் பேரின் வாய் அப்போதும் சிவந்திருக்கும்.

நான் களுதாவளைக்காரி. வெற்றிலை விற்ற காசில் படித்து ஆசிரியை ஆனவள். அப்பா விடியப்புறம் எழும்பி மணல் தரையில் கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய சத்தத்தில்தான் நான் கண் விழித்தேன். ஆகவே வெற்றிலையைப் பழிப்பது எனக்கு ஆகாத காரியம். நல்ல வேளையாக, உண்மையும் என் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூறு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இலேயே சொன்னது. புகையிலை இல்லாவிட்டாலும் உண்டாக்கும், பாக்கே தனியாக உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பது பாக்கும் புகையிலையும். "நான் பொயிலை போடுறல்ல, வெறும் பாக்குத்தான்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த இருபது வருடச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பள்ளிக்கூட வாசல் கடைகளில் சின்னப் பைக்கற்றில் இனிப்புப் பாக்கு தொங்குவதைப் பார்த்தால், அது போய்ச் சேரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். அப்படியான நாட்டில் உணவும் புற்றுநோயும் பற்றி முழுப் பக்கம் எழுதும்போது பாக்கு என்ற சொல் ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டாமா? சாப்பாடு வாயில் இருப்பது சில நிமிடம். வெற்றிலை இருப்பது மணிக்கணக்கில். நாம் அதைச் சாப்பாட்டுக் கணக்கிலே சேர்ப்பதில்லை, சாராயத்தையும் சேர்ப்பதில்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு இடங்களில் மதுபானம் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. வெற்றிலையும் புகையிலையும் மதுவும் ஒரே வாயில் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். சோடாவில் சீனி கூட என்று சொல்லி, சாராயத்துக்குத் தண்ணீர் மட்டும் கலக்கிற உறவினர் ஒருவர் எனக்கு இருக்கிறார். உடம்பில் அவ்வளவு கவனம்.

உணவுக்குத் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சொசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை 2015இல் அதே முகவரகம் முதலாம் தொகுதியில், புகையிலை இருக்கிற இடத்தில், வைத்தது. உடனே "ரோல்ஸ் தின்பதும் சிகரெட் குடிப்பதும் ஒன்று" என்று எல்லோரும் எழுதினார்கள். தொகுதி காட்டுவது சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான். ஆபத்தின் அளவு வேறு கணக்கு. நாளுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பை 18 வீதத்தால் கூட்டுகிறது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வருகிற ஊரில், எல்லோரும் நாளாந்தம் அப்படித் தின்றால், ஏறத்தாழ ஆறு பேருக்கு வரும். குறைத்துக்கொள்வது நல்லதுதான். பிறந்தநாள் வீட்டில் ஒரு ரோல்ஸ் தின்ற பிள்ளையைப் பயமுறுத்த இது போதாது.

கருவாட்டைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் அதிகம், கருவாடு இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காதே. அந்த முகவரகத்தின் பட்டியலில் இருப்பது சீன முறையில் உப்பிட்ட மீன். தென் சீனத்தில் அதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே ஊட்டி வந்த மக்களிடம் மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அதை வைத்து வாழைச்சேனைக் கருவாட்டுக்குத் தீர்ப்பெழுத முடியாது. உப்புக் கூட என்பதால் அளவோடு தின்னலாம். பூஞ்சணம் பிடித்த கச்சானையும் கொப்பராவையும் செத்தல் மிளகாயையும் பற்றித்தான் நான் கூடப் பயப்படுவேன். அதில் ஊறும் அஃப்லாடொக்சின் ஈரலுக்குப் புற்றுநோய் தரும் நஞ்சு, வறுத்தாலும் முழுதாக அழியாது. காறல் கச்சானை "வீணாக்கக் கூடாது" என்று அரைத்துச் சம்பலில் சேர்க்கிற சிக்கனம் நமக்கு வேண்டாம்.

மரக்கறியும் பழமும் நாளுக்கு 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மரவள்ளியும் உருளைக்கிழங்கும் அந்தக் கணக்கில் வராது. மலைபோலச் சோற்றைக் குவித்து, ஓரத்தில் இரண்டு விரலால் எடுத்த அளவு வல்லாரைச் சம்பல் வைக்கிற நம் கோப்பை அந்த 400இல் கால்வாசியைக்கூடத் தொடாது. அதற்காகக் குளிசை வாங்க ஓட வேண்டியதும் இல்லை. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களுக்கு நடந்த ஆய்வில், கரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினைக் குளிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது குளிசை தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. மரக்கறி செய்கிற வேலையைக் குளிசை செய்யும் என்று எண்ணியவர்கள் திகைத்துப் போனார்கள்.

இன்னொன்று. நோய் தெரிந்த பிறகு, முதல் மூன்று மாதம் அத்தான் கிளினிக்குக்குப் போகாமல் முள்ளுச் சீத்தா இலையை அவித்துக் குடித்தார். யாரோ கைபேசியில் அனுப்பிய செய்தி. பிறகு சிகிச்சை தொடங்கியபோது, சீனி கொடுத்தால் கட்டி வளரும் என்று ஒருவர், முட்டை ஆகாது என்று ஒருவர், மீன் கிரந்தி என்று ஒருவர். உடம்பின் நல்ல கலங்களும் சீனியைப் பயன்படுத்துகின்றன. புற்றுக் கலத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பட்டினி போட வழியில்லை. மெலிந்து போனது மனிதர்தான். கடைசியில் வைத்தியர் சத்தம் போட்டபின், அக்கா முட்டையைச் சோற்றுக் கஞ்சியில் அடித்துக் கலக்கி, மீனை முள் எடுத்து மசித்து, கரண்டி கரண்டியாக ஊட்டினார். கோப்பையைத் தள்ளிய அதே கை அப்போது அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கலியாணத்துக்கு அழைக்கவும் சடங்குக்குச் சொல்லவும் வட்டாவில் வெற்றிலை வைக்கத்தான் வேண்டும். அதை யாரும் எடுத்து வீச வேண்டாம். தொட்டுக் கும்பிட்டு வைத்துவிட்டு எழும்பினால் மரியாதை குறையாது. போன ஆவணியில் எங்கள் வீட்டுக் கலியாணத்தில் வட்டாவில் பாக்கு வைக்காமல் வெற்றிலையும் கற்கண்டும் வைத்தோம். இரண்டு பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மற்றவர்கள் கற்கண்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அதே ஞாயிறுப் பக்கத்தில், அதே அளவில், ஒரு பல் வைத்தியரைக் கொண்டு பாக்கைப் பற்றி எழுதுவியுங்கள். மூன்று விரல் சோதனையைப் படத்தோடு போடுங்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரணமில்லாத எரிவு எல்லாம் எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிற பன்னிரண்டு உணவுக்கு மேலே அதை ஒட்டுவதற்குப் பசையோடு காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுதாவளை.