வராந்தாச் சுவருக்கு உங்கள் வீட்டுப் படம் வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ வகுப்புகளுக்குப் போகும் வராந்தாவுக்கு வெள்ளையடித்து முடித்தாயிற்று. அந்தச் சுவரில் படித்து முன்னே போன பெண்களின் படங்களை மாட்டப் போகிறோம். யார் யார் படம் என்று ஆசிரியைகள் கூடிப் பேசியபோது ஒன்று கண்ணில் பட்டது. மகளுக்காகப் போய்க் கேட்ட பெற்றோர் அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அதனால்தான் மாணவிகளை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏ. லலிதா 1919-இல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்தபோது கையில் நாலு மாதக் குழந்தை. அன்றைக்கு அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். பெண்களே படிக்காத அந்தக் கல்லூரியில் மகளுக்கு இடம் கேட்டு முதல்வர் சாக்கோவிடம் போனார். கல்வி இயக்குநரின் அனுமதியும் கிடைத்தது. 1940-இல் லலிதா சேர்ந்தார். குழந்தையை வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். விடுதியில் மகள் தனியாக இருப்பதைப் பார்த்து, பெண்கள் சேரலாம் என்று விளம்பரமும் கொடுத்தார் அந்த அப்பா! லீலம்மா ஜார்ஜும் பி.கே. தெரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலையில் பங்கெடுத்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய் வந்தார். தெரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறைக்குத் தலைமைப் பொறியாளர் ஆனார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பெண் படிப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியும் படித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி அவர் 1954-இல் தொடங்கியது. சிறுவயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்தார்.

"அவங்கல்லாம் வாத்தியார் வீட்டுப் பொண்ணுங்க, பெரிய இடம். நம்ம ஏரியாவுக்கு ஒத்து வருமா டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இரண்டாம் வரிசையை வட சென்னைக்கே வைத்துவிட்டோம். 2022-இல் 28 வயதில் மேயரான ஆர். பிரியா எம்.காம். படித்தவர், பட்டியலினத்திலிருந்து சென்னைக்கு மேயரான முதல் பெண். வியாசர்பாடியிலிருந்து போய் கேரமில் உலக சாம்பியன் ஆன இளவழகி படமும் உண்டு. பட்டதாரிகள் சுவரில் கேரமா என்று ஒரு ஆசிரியை முகம் சுளித்தார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வரிசை காலியாக இருக்கிறது. அது நம் பள்ளியில் படித்து, தன் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய பெண்களுக்கு. நர்ஸ், வக்கீல், பேங்க் ஊழியர், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர், யாரானாலும் சரி.

பிளஸ் டூ முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்றிருப்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: காசு இல்லை என்பதற்காக நிறுத்த வேண்டாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரிக்குப் போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வரும். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கி வைத்ததே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கவுன்சிலிங்கில் தொழிற்படிப்புக்கு இடம் கிடைத்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் அங்கே கூட்டம் தாங்காது.

மூன்றாம் வரிசைக்கு உங்கள் அக்கா, தங்கை, அத்தை, மூத்த மகள் யாராவது இருந்தால் படத்தின் நகலை வரும் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். அசல் வேண்டாம், தொலைந்தால் எங்களால் பதில் சொல்ல முடியாது. பின்பக்கம் பெயர், பட்டம், ஆண்டு எழுதுங்கள். அவரைக் கல்லூரியில் சேர்க்க வீட்டில் யார் கூடப் போனார்களோ அவர் பெயரையும் எழுதுங்கள். படத்துக்குக் கீழே அதையும் போடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை