கேட்டல் பயிற்சி அறைக்கு நன்கொடை வேண்டுகோள்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை வாழ் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே மிகுதி. ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று இவர்களைக் கடிந்துகொள்கிறோமே தவிர, சொன்னது விளங்கிற்றா என்று பார்ப்பதில்லை. ‘பையை வைத்துவிட்டுக் கை கழுவி வா’ என்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்து, படத்தைக் காட்டிச் சொல்லி, ஐந்து முதல் பத்து விநாடி வாய் திறக்காமல் பொறுத்திருந்தால் பிள்ளை தானே எழுந்து போகிறது. சிறுகதையை வாசித்து ‘யார் வந்தது?’ என்று கேட்டால், பேச வராத பிள்ளையும் சரியான படத்தைத் தொட்டுக் காட்டுகிறது. இதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

இப்பயிற்சிக்கு முதல் தேவை அமைதி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி கடக்கும்போதெல்லாம் நம் தகரக் கூரை அதிர்ந்து, ஆசிரியையின் சொல் பாதியில் மறைகிறது. விட்டுப்போன சொல்லை நாம் ஊகித்துக்கொள்வோம். இப்பிள்ளைகளுக்கு அது மிகக் கடினம்.

இந்த இடம் எளிதில் வந்ததன்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் பெரியவர்கள் கூலியில் மிச்சம் பிடித்து மனை வாங்கி, ஞாயிறுதோறும் தாங்களே செங்கல் சுமந்து சுவர் எழுப்பி, படிப்பைத் தவிர வேறெதற்கும் இதைப் பயன்படுத்தலாகாது என்று எழுதிவைத்துத் தந்தார்கள். அவர்களில் இருவர் இன்றும் மாலையில் திண்ணையில் வந்து அமர்கிறார்கள்.

ஓசை தடுக்கும் உட்கூரைக்கும் கதவு, ஜன்னலுக்கும் ரூ. 1,85,000, தடித்த திரை, விரிப்புகளுக்கு ரூ. 22,000, ஆசிரியை அணியும் மைக், ஒலிபெருக்கிக்கு ரூ. 48,000, சிறப்பாசிரியைக்குப் பத்து மாதச் சம்பளம் ரூ. 1,80,000. மொத்தம் ரூ. 4,35,000. வந்தது ரூ. 2,60,000. ஜூனில் பள்ளி திறக்குமுன் வேலை முடிய வேண்டுமானால், மீதி ரூ. 1,75,000 மே 20-க்குள் கையில் இருக்க வேண்டும்.

விடியற்கால ஏலத்தில் வந்த காசை முந்தானையில் முடிந்துவந்து கொடுத்த மீன்காரத் தாய்மார்களுக்கும், ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்த முன்னாள் கிரேன் ஓட்டுநருக்கும், கூலி வாங்காமல் திரை தைத்துத் தர முன்வந்த தையற்காரருக்கும், பெயர் சொல்லாமல் உண்டியலில் போட்டவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. கடவுள் அவர்கள் வீட்டைக் காப்பார்.

கூட்டத்தில் கைதூக்கித் தொகை சொன்னவர்கள் சிலர் இன்னும் தரவில்லை. அம்மன் திருவிழாவுக்கும் மாதா தேர்ப்பவனிக்கும் கேட்குமுன் கொடுக்கும் தெரு இது. நம் தெருப் பிள்ளைகளுக்காக இரண்டாம் முறை கேட்க நேர்வது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. பொருளாளர் நாள்தோறும் மாலை ஆறு முதல் எட்டு வரை வகுப்பறையில் இருப்பார்; நூறு ரூபாயானாலும் ரசீது கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டிடக் குழுவினர்