ஆண்டறிக்கை 2024–25: கோடை நடையும் கூட வந்தவர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் மதுரை நடைச் சங்கம் செய்த காரியங்களை அவையின் முன் வைக்கிறேன். உறுப்பினர் பட்டியலும் செயற்குழுக் கூட்டங்களின் விவரமும் உங்கள் கையில் இருக்கும் தாளில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிதியாண்டு முடிந்த கையோடு தணிக்கையையும் முடித்துக் கொடுத்துவிட்டார், அதற்கு ஒரு கைதட்டல். எனக்குக் கிடைத்த நேரத்தில் கோடையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம் சங்கத்தில் சச்சரவு வருவதும் சந்தோஷம் வருவதும் அந்த மூன்று மாதங்களில்தானே.

சென்ற ஏப்ரலில் நடை எதுவும் வைக்க முடியவில்லை. 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல், 23-ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார். தேர்தலைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு நம்மவர்களை மலைக்குக் கூட்டிப் போய்விடலாம். மூன்றுமாவடியில் அழகரை வரவேற்கும் எதிர்சேவையை விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரிடம் சொல்வது? சித்திரைத் திருவிழா வாரத்தில் நடை கிடையாது என்பது நம் விதிமுறைகளில் எழுதப்படாத விதி. 2025-லும் அழகர் ஆற்றில் இறங்கும் மே 12 வரை அப்படித்தான்.

முதல் நடை கீழக்குயில்குடி சமணர் மலை. நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து திரும்பினால் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோவிலும் கண்ணில் படும். வெயில் தாழ்ந்ததும் மாலை ஐந்து மணிக்கு ஏறலாம் என்று ஒரு தரப்பு, விடிகாலைதான் என்று ஒரு தரப்பு. மாலைத் தரப்பு வென்றது. போன பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது: பகல் முழுக்க வெயிலைக் குடித்த கருங்கல் பாறை இருட்டிய பிறகும் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். காற்றில் சூடு தணிந்திருந்தாலும் கால் வைக்கும் இடம் கொதிக்கிறது. பாறை முழுதாகக் குளிர்ந்திருப்பது விடியும் முன்தான். அடுத்த வாரமே அதே மலைக்கு ஐந்தரை மணிக்குப் போனோம். படியேறிப் பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே உட்கார்ந்து தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களையும், அவற்றுக்குக் கீழே வெட்டிய வட்டெழுத்தையும் நிதானமாகப் பார்த்தோம். மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தில் இன்று அடித்தளம் மட்டும்தான். மறுபக்கத்துச் செட்டிப்புடவுக் குகையில் பெரிய உருவமாக அமர்ந்திருக்கும் மகாவீரரை, போகிற போக்கில் செட்டியார் என்றே கும்பிட்டுவிட்டு வந்தார் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். அவரைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த முதல் மாலை நடையில்தான் இந்த ஆண்டின் முக்கியமான விவகாரம் தொடங்கியது. நம் சங்கத்தில் பெரும்பாலோர் தம்பதியாகச் சேர்ந்தவர்கள். நடை தொடங்கும்போது ஜோடி ஜோடியாக நிற்பார்கள், புகைப்படமும் எடுத்துக்கொள்வார்கள். பத்து நிமிடத்தில் ஆண்கள் எல்லோரும் முன்னே, பெண்கள் எல்லோரும் பின்னே. “நீ மெதுவா வா” என்று அன்போடு சொல்லிவிட்டு வீட்டுக்காரர் போய்விடுவார். மேலே போய்க் காத்திருந்து, பின்னால் வருபவர்கள் வந்து சேர்ந்ததும் “சரி, கிளம்பலாமா” என்பார். அவர் ஓய்வெடுத்தாயிற்று, இவளுக்கு ஓய்வில்லை. இதில் என் வீட்டுக்காரரும் சேர்த்தி என்பதை அவர் முன்வரிசையில் இருக்கும்போதே பதிவு செய்கிறேன். அன்று ஒரு உறுப்பினருக்குத் தலை சுற்றியது. தண்ணீர்ப் பை முழுக்கக் கணவர் தோளில், கணவரோ உச்சியில்.

ஓய்வுபெற்ற செவிலியரான நம் தல்லாகுளத்து அக்கா அங்கேயே ஒரு யோசனை சொன்னார். இனி ஒவ்வொருவருக்கும் ஒரு இணை. இணை கண்ணில் படாத தூரத்துக்குப் போகக் கூடாது. தண்ணீர் அவரவர் பையில். அரை மணிக்கு ஒரு முறை நின்று, உப்புப் போட்ட மோரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ இருவரும் குடிக்க வேண்டும். வேர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்புக் குறைந்து அதுவே மயக்கத்தில் கொண்டுபோய் விடும் என்பது அவர் ஆஸ்பத்திரியில் கண்ட அனுபவம். இதுவரை யாரும் மறுக்கவில்லை. அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் வெடித்தது: கணவன் மனைவியை ஒரே இணையாகப் போடக் கூடாது. பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். ஏன் என்றால், கால் வலிக்கிறது என்று மனைவி தோழியிடம் சொல்வாள், கணவரிடம் சொல்ல மாட்டாள். நெஞ்சை அடைக்கிறது என்று கணவர் நண்பரிடம் சொல்வார், மனைவியிடம் மூச்சு விட மாட்டார்.

சென்ற தை மாதம் கல்யாணமாகி வந்திருந்த இளம் ஜோடி எழுந்தே விட்டது. “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கத்தானேக்கா சங்கத்துல சேர்ந்தோம்!” நியாயமான கேள்வி. செயற்குழுவில் இரண்டு வாரம் பேசி, இரண்டு தம்பதிகள் சேர்ந்து நால்வர் என்று முடிவானது. துணையில்லாமல் வருபவர்களுக்கு நண்பரோடு சேர்த்து அதே ஏற்பாடு. நால்வரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் நால்வருக்கும்.

மே மாதத்தில் கொடைக்கானலும் குற்றாலமும் திட்டத்தில் இருந்தன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயமானது. நாங்கள் முறையாகப் பதிவு செய்து வேனில் போனோம். பாஸ் வாங்கியதால் கூட்டம் குறையும் என்று நம்பிப் போனவர்களுக்கு வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வண்டிகளின் வரிசைதான் காட்சிப் பொருள். வேன்காரர் பேசிய வாடகை ஒன்று, கேட்ட வாடகை ஒன்று. அந்தக் கணக்கு பொருளாளர் அறிக்கையில் வருகிறது, இங்கே வேண்டாம். 2025 கோடைக்கு நீதிமன்றம் எண்ணிக்கையே வைத்துவிட்டது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. என் கருத்து, ஊரே ஏறும் மலைக்கு நாமும் ஏறிக் கூட்டத்தைக் கூட்ட வேண்டாம். கொடைக்கானலுக்குப் புரட்டாசி ஐப்பசியில் போகலாம், அப்போதும் அது குளிராகத்தான் இருக்கும்.

குற்றாலம் ரத்தானதைப் பற்றி இன்னமும் மனத்தாங்கல் இருப்பது தெரியும். மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். நாம் கிளம்ப இருந்தது அதற்கு மறுநாள். “நாளைக்கு வெள்ளம் வடிஞ்சிருமே” என்று கேட்டவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அருவியில் நிற்பவர் தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். மழை மலை முகட்டில் பெய்திருக்கும். அந்தத் தண்ணீர் பாறைச் சரிவில் இறங்கி வர நிமிடக் கணக்குதான். நீர் திடீரென்று செம்மண் நிறமாவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் செருப்பைத் தேடாமல் கரையேற வேண்டும். பெரியகுளத்துக் கும்பக்கரை அருவிக்கு நாம் ஜூனில் போனபோது இதை ஒருமுறை சொல்லித்தான் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கினோம். யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று அங்கே பாறைக் குழிகளுக்குப் பெயர். மேலே பார்க்க வழவழப்பாக இருக்கும், உள்ளே ஆழம் தெரியாது. வனத்துறை கம்பி கட்டிய இடத்துக்கு அப்பால் யாரும் போகவில்லை என்பதைத் திருப்தியோடு தெரிவிக்கிறேன்.

செலவே இல்லாமல் எல்லோருக்கும் பிடித்துப்போனது வைகை அணைப் பயணம்தான். அகலப் பாதைக்காக மூடப்பட்ட போடி ரயில் பாதையில் 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் நுழையும்போது பெட்டியின் ஒரு பக்கம் முழுக்க நம் ஆட்கள்தான். ஆண்டிபட்டியில் இறங்கி டவுன் பஸ்ஸில் அணை. 1959-இல் திறந்த அணை. கொள்ளளவு மட்டம் 71 அடி என்பது மதுரைக்காரர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. அன்று தண்ணீர் வெகு கீழே கிடந்தது. சாப்பாட்டில் ஒரு சீர்திருத்தம்: முன்பெல்லாம் நடைக்கு முந்திய இரவு பெண்கள் கண் விழித்துப் புளியோதரை கிண்டுவார்கள், விடிந்ததும் தூக்கக் கலக்கத்தில் மலையேறுவார்கள். இந்தப் பயணத்துக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் ஆண்கள் பொறுப்பு. எலுமிச்சை சாதத்தில் உப்பு தூக்கல்தான். தல்லாகுளத்து அக்கா, வெயிலுக்கு அது நல்லது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

சிறுமலைக்கும் ஒரு நாள் போனோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, மலை வாழைப்பழம், இரண்டு பேருக்கு வாந்தி. வாடிப்பட்டி பக்கம் குட்லாடம்பட்டி அருவிக்குக் கோடையில் போக வேண்டாம் என்று மூன்றாம் ஆண்டாகச் சொல்கிறேன். அருவி இருக்கும், தண்ணீர் இருக்காது.

அரிட்டாபட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மேலூர் வட்டத்தில் இருக்கிற இந்த ஊரை, மீனாட்சிபுரத்தோடு சேர்த்து 193 எக்டேர் பரப்பில், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், சுற்றிலும் ஏரிகளும் ஊற்றுகளும். குன்றின் மேல் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து, தீர்த்தங்கரர் சிற்பம். இந்தப் பக்கம் பாறையைக் குடைந்த சிவன் கோவிலும் அங்கே பாசுபத சைவ குருவான லகுலீசர் உருவமும். மே மாதம் நாம் போனபோது எல்லோரும் பறவை பார்க்கத்தான் போனோம். லகர் வல்லூறையும் ராசாளிக் கழுகையும் காண நம் ஊர் வாத்தியார் ஒரு பைனாகுலரோடு வந்திருந்தார். நால்வர் ஏற்பாட்டின் பலன் அங்கேதான் தெரிந்தது. யாரும் முந்திப் போகாததால் சத்தம் இல்லை, சத்தம் இல்லாததால் பாறை இடுக்கிலிருந்து ஒரு வல்லூறு கிளம்பி நம் தலைக்கு மேலேயே இரண்டு வட்டம் போட்டது. இளம் ஜோடியில் அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். அவள் கணவருக்குக் காட்டுவதற்குள் அது போய்விட்டது. அதற்கான சண்டை மதுரை வரும் வரை நீடித்தது.

அதே குன்றுகளையும் உட்படுத்தி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி என்று 2024 நவம்பரில் ஏலம் போன செய்தி வந்தது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ப் பகுதி மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை திரண்டு வந்தார்கள். நம் உறுப்பினர்கள் பலர் தங்கள் விருப்பத்தின் பேரில் வழியில் மோரும் தண்ணீரும் கொடுத்தார்கள். சங்கப் பணம் அதில் செலவாகவில்லை என்பதைத் தணிக்கைக்காகக் குறிப்பிடுகிறேன். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பிப்ரவரியில் மறுபடி அங்கே போனபோது, முன்பு வழி கேட்டால் கை காட்டிவிட்டுப் போன ஊர்க்காரர்கள் கூடவே நடந்து வந்து ஒவ்வொரு சுனைக்கும் பெயர் சொன்னார்கள். ஒரு பெரியவர், “மைக் செட்டு கொண்டாராதீக, தேன்கூட்டுப் பக்கம் சென்ட் போட்டுட்டு வராதீக, மத்தபடி எப்ப வேணா வாங்க” என்றார். இதைவிடச் சுருக்கமாக நடை விதிகளை நம் செயற்குழுவால் எழுத முடிந்ததில்லை.

அடுத்தது மலையேற்றம். அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 தடங்கள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கிடைக்கும். குரங்கணி–சாம்பலாறு தடத்துக்குப் பிப்ரவரி கடைசியில் போக வேண்டும் என்று இளைஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள். தீப் பருவத்துக்காகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தடங்கள் மூடியிருக்கும். “தெரிஞ்ச ஆள் வேறு வழியில் கூட்டிப் போவார்” என்று ஒரு குரல் வந்தது. 2018 மார்ச் 11-ஆம் தேதி அதே குரங்கணியில் காய்ந்த புல்லில் தீ ஏறி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேனியில் சொந்தக்காரர்கள் இருக்கிற நமக்கு அந்த வாரம் மறந்துவிடவில்லை. தெரிந்த ஆள் பேச்சு இனிச் சங்கத்தில் எடுக்கப்பட மாட்டாது. தடங்கள் திறந்ததும் முறைப்படி பதிவு செய்து போகலாம், முதல் பெயராக என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அவையின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள். ஒன்று, கத்திரி வெயில் காலமான மே 4 முதல் 28 வரை நம் நடை எதுவும் காலை ஒன்பது மணிக்கு மேல் பாறையில் இருக்கக் கூடாது. இரண்டு, நால்வர் ஏற்பாட்டை நிரந்தர விதியாக்குவது. மூன்று, சமையல் பொறுப்பை ஆண்டு முழுவதும் ஆண்களுக்கே நீட்டிப்பது. மூன்றாவதன் மீது திருத்தம் கொண்டுவர ஐந்தாறு பேர் இப்போதே கை தூக்குவது தெரிகிறது. முன்னுள்ள இரண்டையும் முதலில் வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். திருத்தக்காரர்கள் அதற்குள் உப்பு அளவையாவது முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்