பெட்ரோலுக்கு அந்தக் குழாய் வேண்டாம்

அன்புள்ள துரைசாமிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தீபாவளிக்குப் பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை, அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். நேற்று பல்லடத்தில் சுப்பண்ணனைப் பார்த்தேன். உன் மாடல் விமானத்துக்குப் பெட்ரோல் இன்ஜின் வாங்கிவிட்டாயாமே! சந்தோஷம்டா. ஆனால் டேங்குக்குப் பதிலாக, பலூன் போல உப்பும் நம் பழைய லேடக்ஸ் ரப்பர் குழாயில் பெட்ரோலை அடைத்துக் கட்டப்போகிறாய் என்று அவர் சொன்னதும் பகீரென்றது. அதனால்தான் ராத்திரியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் குழாய் மேல் எனக்கும் உயிர். என்.சி.சி. மைதானத்தில் தகர டேங்கோடு நாம் பட்ட பாடு மறக்குமா? கையில் பிடித்த 18 மீட்டர் கம்பியில் விமானம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைச் சுற்றினாலே, எரிபொருளின் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விசை அதை வெளிப்பக்கம் தள்ளும். குட்டிக்கரணம் போட்டால் கேட்கவே வேண்டாம், பாதி டேங்க் இருக்கும்போதே காற்றை உறிஞ்சி இன்ஜின் திணறும். குழாய்க்கு மாறியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. எரிபொருளைச் சிரிஞ்சால் ஏற்றி, கிளிப் போட்டு இறுக்கிவைத்துவிட்டால் உள்ளே காற்றும் இல்லை, நுரையும் இல்லை. ரப்பர் தானாகச் சுருங்கி, தீரப்போகும் வரைக்கும் அழுத்தத்தை அப்படியே கொடுக்கும். போட்டியில் மாரிமுத்து விமானத்தைத் தலைகீழாகப் பறக்கவிட்டு எதிராளி விமானத்தின் வால் ரிப்பனை அறுத்தபோதும் சத்தம் கொஞ்சமும் மாறவில்லையே!

ஆனால் அது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் குடித்த க்ளோ இன்ஜின், தீப்பொறி இல்லாமல் பிளக்கின் சூட்டுக் கம்பியிலேயே எரிகிற வகை. பெட்ரோலில் லேடக்ஸ் ஊறி உப்பும், வலுவிழக்கும், கிழியும். சிலிக்கோன் குழாயும் பெட்ரோலுக்கு ஆகாது. பக்கத்தில் சூடான சைலன்சர், பிளக்கில் தீப்பொறி. அங்கே அழுத்தத்தோடு பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று நீயே யோசி. உன் பேரனும் பக்கத்தில் நிற்பானே!

இன்னொன்று. நம் பழைய க்ளோ இன்ஜினில் பம்ப் இல்லை, அதனால்தான் குழாயின் அழுத்தத்தால் ஊசி வால்வுக்கு எரிபொருளைத் தள்ளிவிட்டோம். உன் புது இன்ஜினின் கார்புரேட்டரில் டயாஃப்ரம் பம்ப், அதாவது மெல்லிய சவ்வால் வேலை செய்கிற பம்ப், இருக்கும். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் வருகிற காற்றழுத்தத் துடிப்பிலேயே அது பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். அதற்குப் போய் நீ அழுத்தம் கொடுத்தால் உள்ளே இருக்கிற ஊசி சரியாக மூடாமல் இன்ஜின் பெட்ரோலில் முழுகிவிடும். குழாய் எதற்காக வந்ததோ அந்த வேலையே இங்கே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? கெட்டிப் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று போதும். உள்ளே நுனியில் எடைக்குண்டு கட்டிய வளையும் குழாய், அது எரிபொருள் போகிற பக்கமெல்லாம் போகும். காற்று வழி தனியாக விடு. மூடியின் ரப்பர் தக்கையும் குழாய்களும் பெட்ரோலுக்கென்று செய்தவைதானா என்று கேட்டு வாங்கு. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதானுங்க" என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடு. டேங்கைச் சுற்றிப் பஞ்சு ரப்பர் வை, அதிர்வில் நுரைக்காது.

அவசரம் ஒன்றுமில்லை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற அடிக்கு, இந்த மாதம் எப்படியும் பறக்க முடியாது. அப்புறம், மாரிமுத்துவிடம் பிரிக்காத டேங்க் ஒன்று இருக்கிறது. உனக்காக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை கிளம்பி வா, இன்ஜினையும் கொண்டுவா. மூன்று பேரும் உட்கார்ந்து மாட்டிவிடலாம். வருகிறாயா என்று வெள்ளிக்குள் சொல்லிவிடு.

உன்,
பழனிச்சாமி