எந்தப் பால் என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ‘பேலியோ சொதி’ சமையல் குறிப்பைப் படித்தேன். பேலியோ என்றால் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறை. சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு எங்கள் ஊர்ச் சமாசாரம் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டுச் சாப்பாடு என்றாலே சொதிதான், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். நீங்கள் ‘தேங்காய்ப்பால் 2 கப்’ என்று போட்டு, ஒருவருக்கு இத்தனை கிராம் மாவுச்சத்து என்று கீழே கணக்கும் கொடுத்திருக்கிறீர்கள். எந்தப் பால் என்று போடவில்லையே! முதலில் பிழிகிற கெட்டியான முதல் பாலா, மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிகிற இரண்டாம் பாலா, கடைத் தேங்காய்ப்பால் பொடியைக் கரைத்ததா?

என் கணவருக்குச் சர்க்கரை. சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். எங்கள் வீடு சைவம், முட்டைகூட அடுப்படிக்குள் வராது. பேலியோக்காரர்கள் சொல்கிற கறியையும் மீனையும் தள்ளிவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது பனீர், பாதாம், தேங்காய். அதனால்தான் இந்த ஒரு வரிக்காகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்துப் பட்டியலை என் மகள் எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் விடாமல் பிழிந்த பாலில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 7 கிராமுக்குள், கொழுப்பு சுமார் 35 கிராம். தண்ணீர் விட்டுப் பிழிந்தால் மாவுச்சத்து ஐந்தரை, கொழுப்பு 24, கலோரி 230. மாவுச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கொழுப்பில்தான் இத்தனை வித்தியாசம். அதிலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. ‘மாவு கம்மிதானே’ என்று இரண்டு கப் முதல் பாலைக் குடிப்பவர்கள் கொலஸ்ட்ரால் பரிசோதனைச் சீட்டையும் பார்க்க வேண்டாமா? மூன்றாம் பால் கிட்டத்தட்ட வெள்ளைத் தண்ணீர். அதற்கும் ஒரே கணக்கு என்றால் எப்படி?

பொடி இன்னும் மோசம். பாக்கெட்டைத் திருப்பினால் பலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று பொடி எழுத்தில் இருக்கும். அது ஸ்டார்ச்சிலிருந்து எடுப்பது, ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அவசரத்துக்குப் பொடி போடலாம் என்று நீங்களே குறிப்பில் சேர்த்திருக்கிறீர்கள். சர்க்கரைக்காரர் வீட்டுக்கு எழுதும் குறிப்பில் இது வரலாமா?

உருளைக்கிழங்கை எடுத்துவிட்டீர்கள், சரி. பாசிப்பருப்பு அரை கப் அப்படியே இருக்கிறது! பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். நான் ஒரு ஸ்பூன் பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்கிறேன், ருசி போகாது. காய்க்கு முருங்கை, பீன்ஸ், கத்தரி, கூடக் கொஞ்சம் காலிஃபிளவர். தேங்காய் நன்றாக முற்றியதாக இருக்க வேண்டும். இளசாக இருந்தால் பால் தண்ணீராக வரும், தித்திப்பும் தட்டும். துருவலை வெந்நீர் தெளித்து அரைத்துத் துணியில் பிழிந்தால் முதல் பால். அதைத் தனியே வைத்துவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம், மூன்றாம் பால். காய் வேக வேண்டியது மூன்றாம் பாலில். பிறகு இரண்டாம் பாலும், இஞ்சி பச்சைமிளகாய் விழுதும், பருப்பும் சேர்ந்து ஒரு கொதி. முதல் பாலை அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு சூடு தணிந்த பிறகு. நீங்கள் கொதிக்கும்போதே பிழியச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெரியம்மாக்கள் கண்ணில் அது படாமல் இருக்கட்டும்.

முதல் பாலை ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே கெட்டியாக ஏடு உறையும், கீழே கலங்கிய தண்ணீர் நிற்கும். டயட் என்று சிலர் ஏட்டை வழித்துவிட்டு அடித்தண்ணீரை ஊற்றுகிறார்கள். கலோரி குறையும், உண்மை. ஆனால் தேங்காயின் தித்திப்பு அந்தத் தண்ணீரில்தான் கரைந்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அதனால் லாபமில்லை.

இன்னொன்றும் கட்டம் கட்டிப் போட்டிருக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் திடுதிப்பென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்ட பிறகுதான் இதெல்லாம்.

இனி வரும் குறிப்புகளில் ‘முதல் பால் அரை கப், இரண்டாம் பால் ஒரு கப்’ என்று பிரித்துப் போடுங்கள். ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவுதான். அடுத்த வாரம் இடியாப்பத்துக்கு மாற்று சொல்லப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் முட்டை இல்லாமல் ஒன்றாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.